முகாம் பொதுக்கூடத்துக்குச் சோலாரும் பேட்டரியும்: கணக்கிலிருந்து ஃபியூஸ் வரை

அகதி முகாமில் சோலார் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ஜோர்டானின் பெரிய திட்டங்கள்தான். அஸ்ராக், ஸாத்தாரி இரண்டு முகாம்களிலும் 2017இல் சூரிய மின்நிலையங்கள் வந்தன. ஸாத்தாரியில் இருப்பது 12.9 மெகாவாட். ஆனால் இரண்டுமே நாட்டின் கிரிட்டோடு, அதாவது பொது மின்கட்டமைப்போடு, இணைந்தவை. கிரிட் எட்டிப் பார்க்காத முகாமில் இரவை பேட்டரிதான் தாங்க வேண்டும். செலவும் தலைவலியும் அங்கேதான்.

இங்கே சொல்வது சின்ன அளவு: ஒரு பொதுக்கூடம், அதில் விளக்கு, விசிறி, போன் சார்ஜ். மல்டிமீட்டர் பிடிக்கவும் ஒயர் சீவவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கணக்கு: பகலும் இரவும் தனித்தனியாக

எல்லாரும் மொத்த வாட்டைக் கூட்டி அதற்கு பேட்டரி வாங்குகிறார்கள். அது வீண்செலவு. எது எப்போது ஓடுகிறது என்று பிரித்து எழுதுங்கள்.

5 வாட் எல்இடி 6, இரவில் 6 மணி நேரம்: 180 வாட்-மணி. 15 வாட் டிசி விசிறி 2, இரவில் 8 மணி நேரம்: 240. ஒரு நாளைக்கு 30 போன், ஒன்றுக்கு 20 வீதம்: 600. மொத்தம் 1,020.

இதில் போனைப் பகலில் மட்டும் சார்ஜ் செய்வது என்று விதி வைத்துவிட்டால், அந்த 600 பேனலிலிருந்தே நேராகப் போய்விடும். பேட்டரி தாங்க வேண்டியது இரவுக்கு 420 மட்டும். இந்த ஒரு விதியைக் கூட்டம் போட்டுப் பேசி ஒத்துக்கொள்ள வைப்பது, எந்த விலை உயர்ந்த பேட்டரியையும் விட அதிகம் மிச்சம் பிடிக்கும்.

2. பேட்டரி

மேகமூட்டமான நாளுக்கும் சேர்த்து இரண்டு இரவு: 840 வாட்-மணி. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 இருக்கும். அதில் 80 சதவீதம் எடுத்தால் 1,024, போதும். லெட் ஆசிட் என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 150 ஆம்பியர்-மணி வேண்டும்.

என் ஓட்டு லித்தியத்துக்கு. லெட் ஆசிட் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். ஆட்கள் தூங்கும் இடத்திலும் அடுப்புக்குப் பக்கத்திலும் அதை வைக்கவே கூடாது. முகாமில் இந்த இரண்டும் இல்லாத மூலை கிடைப்பது கஷ்டம். வெயில் சூட்டில் அதன் ஆயுளும் வேகமாகக் குறையும். பனி உறையும் இடமா? அப்படியானால் லித்தியத்திலும் கவனம் வேண்டும்: 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் கெட்டுவிடும். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

3. பேனல்

உங்கள் இடத்தின் வெயிலை பிவிஜிஐஎஸ் (PVGIS) இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டுச் சராசரியை எடுக்காதீர்கள், மிக மோசமான மாதத்தை எடுங்கள். அது ஒரு நாளைக்கு 4.5 மணி நேர முழு வெயில் என்று வைத்தால், தூசி, சூடு, சார்ஜ் இழப்பு எல்லாம் போக 65 சதவீதம் கையில் நிற்கும். 1,020 ÷ (4.5 × 0.65) = 349. ஆக 200 வாட் பேனல் இரண்டு.

கூடாரமும் தகரக் கூரையும் பேனலின் எடையையும் காற்றையும் தாங்காது. தரையில் சட்டம் அடித்து நிறுத்துங்கள். கூடாரக் கயிற்றின் நிழல்கூட பேனலில் விழக் கூடாது.

4. ஒயர்: இங்கேதான் மாட்டுவீர்கள்

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். பேட்டரியில் 13 வோல்ட் காட்டும், கடைசி விசிறி மட்டும் முனகும். விசிறியைக் கழற்றிப் பார்ப்பதில் பயனில்லை. 12 வோல்ட்டில் ஒயரே மின்சாரத்தைத் தின்னும்.

செம்பு ஒயருக்கான கணக்கு: 0.0175 × போகவர மொத்த நீளம் (மீட்டரில்) × ஆம்பியர் ÷ ஒயரின் ஸ்கொயர் எம்எம். விடை, எத்தனை வோல்ட் இழப்பு என்பது.

ஒரே நேரத்தில் 10 போன் சார்ஜ் ஆனால் சுமார் 8 ஆம்பியர். போர்டு 10 மீட்டர் தள்ளி இருந்தால் போகவர 20 மீட்டர். 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் இழப்பு 1.12 வோல்ட். 6 போட்டாலும் 0.47. நான் 3 சதவீதத்துக்குள், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பேன். அதற்கு 10 ஸ்கொயர் எம்எம் வாங்க வேண்டும், செம்பு விலை தெரியுமல்லவா? போர்டை பேட்டரிக்கு 3 மீட்டருக்குள் கொண்டுவாருங்கள், அதே 2.5 போதும்.

சோதிக்கும்போது எல்லாவற்றையும் ஓடவிட்டு அளந்து பாருங்கள். ஒன்றும் ஓடாதபோது மெல்லிய ஒயரின் முனையிலும் முழு வோல்ட் காட்டும், ஏமாந்துவிடுவீர்கள். ஒயர் சரியாக இருந்தும் இழப்பு அதிகமென்றால் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பு) சரியாக அழுத்தப்படவில்லை.

5. இணைப்பு

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் சார்ஜ் கண்ட்ரோலர். 30 ஆம்பியர் எம்பிபிடி (MPPT, பேனலிலிருந்து முடிந்தவரை அதிகம் எடுக்கும் வகை) எடுங்கள், மலிவான பிடபிள்யூஎம் (PWM) வகை வேண்டாம். முதலில் பேட்டரி, அப்புறம் பேனல், கடைசியாக லோடு (விளக்கு, விசிறி, போன் போர்டு). கழற்றும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒட்டினாற்போல டிசி ஃபியூஸ் கட்டாயம். ஏசி பிரேக்கரை இங்கே மாட்டாதீர்கள். டிசி தீப்பொறி தானாக அணையாது.

இன்வெர்ட்டர் வேண்டாம். சும்மா இருக்கும்போதே அது பேட்டரியைக் குடிக்கும்.

பின்சேர்க்கை

லித்தியம் போட்டும் பேட்டரி அடிக்கடி துண்டித்துக்கொள்கிறது என்று கருத்தில் சிலர் எழுதியிருந்தார்கள். கண்ட்ரோலர் இன்னும் லெட் ஆசிட் அமைப்பிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈக்வலைசேஷன் (லெட் ஆசிட்டுக்காக வோல்ட்டை வேண்டுமென்றே ஏற்றிச் செய்யும் சார்ஜ்) ஓடினால் வோல்ட் எகிறி பிஎம்எஸ் கதவைச் சாத்திவிடும்.

தடுப்பூசி ஃபிரிட்ஜையும் இதிலேயே மாட்டலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. அதற்கென்றே பேட்டரி இல்லாமல் பேனலில் நேராக ஓடும் ஃபிரிட்ஜ்கள் உண்டு. குளிரை உள்ளே உறைநிலையில் சேமித்து இரவைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் தரம் பார்த்து ஒப்புக்கொண்ட கருவிகளின் பிக்யூஎஸ் (PQS) பட்டியலில் இருப்பதாகப் பார்த்து, தனிப் பேனலோடு மாட்டுங்கள். போன் சார்ஜுக்கு அதிலிருந்து ஒரு ஒயர்கூட இழுக்க வேண்டாம்.