பழைய கம்ப்யூட்டர் பத்து நிமிடத்தில் அணைகிறதா? முதலில் ஹீட்சிங்கைத் தொட்டுப் பாருங்கள்

எங்கள் வீட்டில் 2008-இல் வெளிவந்த கோர் 2 டூவோ ஈ8400 பிராசசர் போட்ட கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. போன மாதம் ஃபேன் மிக்ஸி மாதிரி இரைந்து, பத்தாவது நிமிடம் பட்டென்று அணைந்தது. கடையில் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது என்றார்கள். மாற்றியும் அதே கதை. கோளாறு, ஹீட்சிங்கை (பிராசசரின் சூட்டை இழுத்துக்கொள்ளும் உலோகப் பாகம்) பிடித்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் பின்னில் இருந்தது.

இப்படி அணைவது பெரும்பாலும் பாதுகாப்புதான். சூடு எல்லை மீறினால் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். ஈ8400 என்றால் 3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2-க்கு இறங்கும். அப்போதும் சூடு ஏறினால் மதர்போர்டுக்குச் சைகை கொடுத்து மின்சாரத்தையே நிறுத்திவிடும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) இதற்கான அமைப்பு இருந்தால் அணைத்து வைக்காதீர்கள்.

முதலில் வெப்பநிலை. அதைக் காட்டும் மென்பொருள்களில் எனக்குப் பிடித்தது கோர் டெம்ப்: சின்னது, ஒவ்வொரு கோரையும் தனியாகக் காட்டும். ஃபேன் வேகத்தை மாற்றும் மென்பொருள்கள் வேண்டாம், பயாஸ் பார்த்துக்கொள்ளும்.

அடுத்து, ஓடும்போதே ஹீட்சிங்கின் ஓரத்தை விரலால் தொடுங்கள். ஃபேன் இறக்கையில் கை படக் கூடாது. திரையில் 85 டிகிரி காட்டும்போது ஹீட்சிங்கும் கொதித்தால் தூசி அல்லது ஃபேன் கோளாறு. ஹீட்சிங்க் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், பிராசசரின் சூடு அதற்கு வந்து சேரவே இல்லை. என்னுடையது இரண்டாவது வகை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்சிங்கைக் கழற்றுங்கள். இறக்கை சுழலாமல் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே காய்ந்திருக்கும், சூடு கடத்தும் பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, அரைக் கொண்டைக்கடலை அளவு புதிது வைத்தால் போதும்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். எல்ஜிஏ 775-இன் (ஈ8400 உட்காரும் சாக்கெட் வகை) இன்டெல் ஹீட்சிங்கில் நான்கு பின்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அம்புக்குறி. அந்தப் பக்கம் திருப்பினால் பூட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அது கழற்றும் திசை! மாட்டுவதற்கு முன் நான்கையும் அம்புக்கு எதிர்ப்பக்கம் கடைசி வரை திருப்பி, தலையை மேலே இழுத்து வையுங்கள். துளையில் நேராக உட்கார்ந்ததும் மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்துங்கள்; ‘டக்’ என்று கேட்க வேண்டும். அதன் பிறகு திருப்பவே கூடாது.

சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். போர்டின் பின்பக்கம் பாருங்கள்: நான்கு துளைகளிலும் வெள்ளைக் கால்கள் விரிந்து, நடுவே கறுப்புக் கம்பி இறங்கியிருக்க வேண்டும். கேபினட் மறைத்தால் போர்டையே வெளியே எடுங்கள், சோம்பல் வேண்டாம். ஒரு மூலை தூக்கிக்கொண்டாலும் நல்ல பேஸ்ட் வீண். நான்காவது பின் சரியாக இறங்கியதும் என் மெஷின் முழு வேலையிலும் 60-ஐத் தாண்டவில்லை.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் செய்து பார்த்த இருவருக்கு, போட்டதும் ‘சிபியு ஃபேன் எரர்’ வந்திருக்கிறது. இருவருமே ஒயரைக் கேபினட் ஃபேனுக்கான இடத்தில் செருகியிருந்தார்கள். ‘சிபியு ஃபேன்’ என்று அச்சிட்ட நான்கு முள் இணைப்பில்தான் செருக வேண்டும். இன்னொருவர் மூன்று ஒயர் ஃபேன் வாங்கிப் போட்டு, எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது என்றார். அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் வேகக் கட்டளை போவது நான்காவது ஒயர் வழியாக. அது இல்லாவிட்டால் ஃபேன் குறையாது. இரைச்சல் தொந்தரவு என்றால் நான்கு ஒயர் ஃபேனாக மாற்றிக்கொள்ளுங்கள்.