வீடு மாற்ற வண்டி பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேளச்சேரியிலிருந்து கோயம்புத்தூருக்கு வீடு மாற்றியபோது போனில் லாரிக்காரர்கள் எங்களுக்குச் சொன்ன தொகை 22,000 ரூபாய். பாதி வீடு லாரியில் ஏறிய பிறகு கேட்டது 31,000. பரணில் இருந்த பித்தளை அண்டா, கொலு பொம்மைப் பெட்டிகள், பழைய புத்தக மூட்டைகள் எதையும் நாங்கள் போனில் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது என்பதும் பேச்சில் வரவே இல்லை. அன்று மாலைக்குள் சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தாக வேண்டும். கேட்டதைக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் யார் வீடு மாற்றினாலும் எப்படிப் போயிற்று என்று விசாரிக்கிறேன். அநேகமாக எல்லோருக்கும் தகராறு வந்தது சாமான் இறங்கும் நாளில்தான். ஆனால் அதற்கான வித்து வண்டி பேசிய நாளிலேயே விழுந்துவிட்டது. எல்லாம் வாய்ப்பேச்சு, கையில் ஒரு காகிதம் இல்லை.

அதனால் வீட்டைப் பார்க்காமல் சொல்லும் தொகையை நம்பாதீர்கள். ஆளை நேரில் வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வீடியோ காலில் ஒவ்வொரு அறையாகக் காட்டுங்கள். பரண், பால்கனி, மாடியில் இருக்கும் செடித்தொட்டி, இன்வெர்ட்டர் பேட்டரி என்று மறந்துபோகிற இடங்களை முதலில் காட்டுவது நல்லது. இரண்டு வீடுகளும் எத்தனையாவது மாடி, லிஃப்டில் சாமான் ஏற்ற விடுவார்களா, லாரி வாசல்வரை வருமா என்பதையும் சொல்லிவிடுங்கள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் சந்துகள் பலவற்றில் ஐஷர் லாரி நுழையாது. தெருமுனையில் நிறுத்திக் குட்டி யானை என்கிற சின்ன வண்டிக்கு மாற்ற வேண்டிவரும், அதற்குத் தனிக் காசு. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தில் எந்த நேரத்துக்கு அனுமதி என்று முன்பே கேட்டு வையுங்கள்.

இதெல்லாம் சொன்ன பிறகு வரும் தொகையில் பேக்கிங், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டோல், ஜிஎஸ்டி, கட்டிலைப் பிரித்து மாட்டுவது எல்லாம் அடக்கமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். மூன்று இடத்தில் விசாரித்து ஒருவர் மட்டும் பாதி விலை சொன்னால், மீதியை வழியில் கேட்பார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சாமான் குறைவாக இருந்தால் இன்னொருவர் சாமானோடு ஒரே லாரியில் சேர்த்து அனுப்புவார்கள். செலவு குறையும், தப்பில்லை. ஆனால் நடுவில் குடோனில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றும் வாய்ப்பு உண்டு, நாளும் தள்ளிப்போகும். தனி வண்டியா, சேர்த்து அனுப்புவதா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்தது, இணையத்தில் முதலில் வந்த எண்ணுக்கு அட்வான்ஸ் அனுப்பிவிடுவது. பெயர் பெற்ற நிறுவனத்தின் பெயரையே லேசாக மாற்றி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். அது 15 இலக்கம். தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் பதிவு என்று வந்துவிடும். அந்தப் பெயரும் பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம். கணிசமான பாக்கி சாமான் இறங்கிய பிறகுதான்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில்தான் மக்கள் அதிகம் ஏமாறுவதைப் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாமானின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று ஒரு தொகையை பில்லில் சேர்ப்பார்கள். நாமும் எல்லாம் பத்திரம் என்று நிம்மதியாகிவிடுவோம். அந்தப் பணத்துக்கு ஏதாவது காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி வந்ததா என்று கேட்டால் பல இடங்களில் பதில் இருக்காது. பாலிசி நகல் கைக்கு வந்து, அதில் உங்கள் பெயரும் மதிப்பும் சரியாக இருந்தால்தான் அது இன்ஷூரன்ஸ். பாலிசி இல்லையென்றால் லாரி ரசீதுதான் கதி. அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் 'உரிமையாளர் பொறுப்பு', அதாவது சேதமானால் சாமானின் சொந்தக்காரரே பொறுப்பு, என்று அச்சடித்திருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும், கூடுதல் பொறுப்புக்கென்று தனிக் கட்டணம் பேசாதவரை, இழப்பீட்டைப் பொதுவாக லாரி வாடகையின் 10 மடங்குக்குள் நிறுத்திவிடுகின்றன. அதுவும் நீங்கள் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாது. வாடகை 20,000 என்றால் உச்சவரம்பு 2 லட்சம். மதிப்பு என்ற கட்டத்தில் 50,000 என்று போட்டிருந்தால் அதோடு சரி. அந்தக் கட்டத்தை அவசரத்தில் அவர்களையே நிரப்பச் சொல்லாதீர்கள்.

சாமான் பட்டியலிலும் இதே கவனம் வேண்டும். சூப்பர்வைசர் மளமளவென்று எழுதுவார். ஒவ்வொரு பொருளுக்கு எதிரிலும் 'பழையது, கீறல் உள்ளது' என்று போடுவது வழக்கம். அதில் கையெழுத்துப் போட்டால், பின்னால் எது உடைந்தாலும் முன்பே அப்படித்தான் இருந்தது என்றாகிவிடும். எங்கள் இரண்டாவது மாற்றத்தில் டிவி, பிரிட்ஜ், பீரோ கண்ணாடி எல்லாவற்றையும் பேக் செய்வதற்கு முன் ஓடவிட்டு வீடியோ எடுத்தோம், பெட்டிகளுக்கு எண் போட்டோம். இறக்கியபோது டிவி திரையின் மூலையில் விரிசல். கையெழுத்துப் போடும் முன் அதை டெலிவரி காகிதத்திலேயே எழுதினோம். கொஞ்சம் இழுத்தடித்தாலும் ரிப்பேர் செலவைக் கொடுத்தார்கள்.

நகை, பணம், பத்திரம், சர்டிபிகேட் எதையும் லாரியில் ஏற்ற வேண்டாம், பீரோ லாக்கருக்குள் வைத்துப் பூட்டியும் ஏற்ற வேண்டாம். கேஸ் சிலிண்டரும் கூடாது. வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் தரும் வவுச்சரைக் காட்டிப் புது ஊரில் இணைப்பு எடுக்கலாம். பிரிட்ஜை முந்தின நாளே நிறுத்திக் காயவிடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு வாங்கியபோது கொடுத்த போல்ட்டுகளைத் தேடி எடுத்து டிரம்மை இறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் வழி முழுக்க டிரம் ஆடிக்கொண்டே வரும். ஏசியைக் கழற்ற லோடுமேன்களை விடாமல் ஏசி மெக்கானிக்கையே கூப்பிடுங்கள். கிரைண்டர் கல்லைத் தனியாக எடுத்துச் சுற்றிவிட்டால் போதும்.

நாள் குறிப்பதிலும் யோசிக்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலானோர் குடிபோக மாட்டார்கள். அது முடிந்ததும் ஆவணியிலும் தையிலும் நல்ல நாள் பார்த்து எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். அதோடு மாதக் கடைசியும் சேர்ந்தால் கூலி ஏறும், ஆளும் கிடைக்காது. நல்ல நாளில் ஒரு குடம் தண்ணீரோடு போய்ப் பால் காய்ச்சிவிட்டு, சாமானை நான்கு நாள் கழித்து ஒரு வேலை நாளில் கொண்டுபோனவர்களுக்கு எல்லாம் நிதானமாக நடந்ததைப் பார்த்திருக்கிறேன். நெருக்கடி இல்லாத நாளில் லோடுமேன்களும் பதறாமல் தூக்குவார்கள். மூன்று மாடிக்குப் பீரோவைத் தோளில் சுமக்கிறவர்களுக்கு வேளைக்குச் சோறும் குடிக்கத் தண்ணீரும் கொடுக்க மறக்காதீர்கள்.

வண்டி கிளம்பிய பிறகு, 'இ-வே பில் இல்லை, வழியில் பிடித்துவிட்டார்கள், 5,000 அனுப்புங்கள்' என்று போன் வந்தால் பதற வேண்டாம். இ-வே பில் என்பது சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் சீட்டு. சொந்த உபயோகத்தில் இருந்த வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் தேவையில்லை என்று ஜிஎஸ்டி விதியே விலக்கு தருகிறது. பிடித்த இடத்தையும் அதிகாரி கொடுத்த காகிதத்தையும் அனுப்பச் சொல்லுங்கள்.

அப்படியும் சாமானை இறக்காமல் அதிகப் பணம் கேட்டு மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். உடைந்தது, தொலைந்தது என்றால் போனில் சண்டை போட்டுக்கொண்டே மாதங்களைக் கடத்திவிடாதீர்கள். சாமானை லாரிக்குப் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் லாரி நிறுவனத்துக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வழக்கே நிற்காமல் போகலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் இருக்கும்வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழைய ஊருக்கு அலையவும் வேண்டாம், இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம்.