வேற்று நாட்டு மோகம் நம் ஊருக்கு வந்த வழியைத் தேடுவது எப்படி

கிளிநொச்சிச் சலூன் ஒன்றில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் கீறல் விழுந்த போன் திரையில் கொரியப் பாடகர் ஒருவரின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, முன்முடியைப் புருவம் வரைக்கும் விடச் சொன்னான். முடி வெட்டுபவர் தண்ணீர் தெளித்து நெற்றியில் சீவி, விரலால் அளவு பார்த்தார். ஒரு நாட்டின் வெகுசனப் பண்பாடு கடல் கடந்து மோகமாவதை ஆராய விரும்பும் மாணவர் இப்படியான ஒரு சிறு விடயத்திலிருந்தே தொடங்க வேண்டும். அவன் முதலில் எதைப் பார்த்தான், எந்த மொழியில் பார்த்தான், யார் அனுப்பினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

"தரமானது, ஆகவே பரவியது" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். முல்லைத்தீவின் கோவலன் கூத்துக்குத் தரத்தில் என்ன குறை? ஆகவே, அனுப்பிய நாட்டுக்கு வெளிச்சந்தை ஏன் தேவைப்பட்டது என்று பாருங்கள். தென்கொரியாவின் உள்நாட்டுச் சந்தை சுமார் 5 கோடிப் பேர்தான்; 1997 இறுதியில் நிதி நெருக்கடி வந்து, சர்வதேச நாணய நிதியத்திடம் அந்நாடு கடன் வாங்க நேர்ந்தது. பண்பாட்டுத் தொழில்களை வளர்ப்பதற்கான சட்டம் 1999 இல் வந்தது. ஆனால் 1997 இலேயே கொரியக் குடும்பத் தொடர் ஒன்று சீன அரசுத் தொலைக்காட்சியில் ஓடி வரவேற்புப் பெற்றுவிட்டதால், எல்லாவற்றையும் அரசே திட்டமிட்டது என்று எழுதுவது பிழையாகும்.

அடுத்து வழியைத் தேடுங்கள். என் எண்ணத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. நெருக்கடிக் காலத்து ஆசியத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஜப்பானியத் தொடர்களைவிடக் கொரியத் தொடர்கள் மலிவாகக் கிடைத்தன. 1952 இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்களுக்கு இடமில்லாமல் செய்தபோது, அவற்றைக் கேட்க இந்திய நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். ஆசை அங்கேயே இருந்தது, வழியை நம் நாடு கொடுத்தது. பற்றரிக்குத் தடையிருந்த காலத்தில், வன்னியில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் மற்றவர்கள் பாட்டுக் கேட்டதை வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். எந்த அலைவரிசை எட்டியதோ அந்த நாட்டுப் பாட்டே மனதில் நின்றிருக்கும். கொரியப் பாடலொன்று 2012 டிசம்பரில் யூரியூப்பில் 100 கோடிப் பார்வைகளைத் தாண்டிய முதல் காணொளியானபோது, நிலையங்களின் தயவே தேவையில்லாத வழியொன்று திறந்துவிட்டிருந்தது.

பெறுபவரின் தேவையையும் கேளுங்கள். 1995 இல் வெளியான ரஜினிகாந்தின் "முத்து" நமக்குப் பழகிய வகைப் படம். 1998 இல் ஜப்பானில் அது பெருவெற்றி பெற்றதற்கு, கதை நடுவே புகும் ஆட்டமும் பாட்டும் அங்கே புதிதாக இருந்தது ஒரு காரணம். கொரியத் தொடரிலோ புதுமையைவிட மாமியாரும் மருமகளும் ஒரே சட்டியைச் சுற்றி இருப்பதுதான் நம் அம்மாக்களைப் பிடித்து வைக்கிறது. கொரிய மொழி படிப்போரை இவர்களோடு சேர்த்து எண்ணாதீர்கள். அங்கே வேலைக்குப் போவதற்கு மொழிப் பரீட்சை இருப்பதால், நாடகமே பார்க்காதவரும் அந்த எழுத்தைப் பழகுகிறார்.

கடைசியாகச் சலூன்காரரிடம் திரும்பிப் போய், இதற்கு முன் எந்த நாட்டு நடிகரின் தலைவெட்டைப் பையன்கள் கேட்டார்கள், எந்த ஆண்டளவில் அது நின்றது என்று கேட்டு, அந்த ஆண்டையும் உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.