எடை-பில் மாட்யூலுக்குப் பிளக்இன் வசதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் எடை போட்டு பில் அடிக்கும் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு ஒரு கட்டம் தவறாமல் வரும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காக எழுதிய மாட்யூலை ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்காரர் கேட்பார். அடுத்து ஏற்காட்டுக் காபித் தோட்டத்திலிருந்து போன் வரும். தராசிலிருந்து எடையை வாங்குவதும் பில்லை அச்சடிப்பதும் மூன்று இடத்திலும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் கணக்குதான் வேறு. வெள்ளியில் டச் (நூறில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு), சேதாரம், கூலி. மரவள்ளிக் கிழங்கில் மாவுச்சத்தின் அளவைச் சொல்லும் பாயிண்ட். காபியில் பார்ச்மென்ட்டா (பழத்தோல் நீக்கிக் காயவைத்தது) செர்ரியா (பழமாகவே காயவைத்தது) என்பதைப் பொறுத்து 50 கிலோ மூட்டைக்கு விலை.

கோருக்குள், அதாவது எல்லோருக்கும் பொதுவான மையப் பகுதிக்குள், ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் இஃப் (இந்தத் தொழில் என்றால் இப்படிச் செய் என்ற நிபந்தனை) சேர்த்துக்கொண்டே போனால், ஆலைக்காரருக்காகத் தொட்ட வரி பட்டறைக்காரரின் பில்லைக் கெடுக்கும். ஆகவே பிளக்இன் வசதி, அதாவது தொழிலுக்கு ஏற்ற கணக்கைத் தனித் துண்டாக எழுதிக் கோரோடு செருகும் வசதி, வைப்பது சரியான முடிவு. ஆனால் பிளக்இன்னுக்கான ஏபிஐயை (பிளக்இன்னும் கோரும் பேசிக்கொள்ளும் வரையறுத்த வாசலை) வெளியே கொடுத்த நாளிலிருந்து, அந்தப் பகுதி நிரலை நம் இஷ்டத்துக்கு மாற்றும் உரிமையில் பெரும்பகுதி போய்விடுகிறது. கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்க வேண்டும், என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

இரண்டாவது தேவை வருவதற்கு முன்பே ஏபிஐ வரைவது

ஒரே ஒரு வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு 'நாளைக்கு எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும்' என்று வரையும் ஏபிஐ, அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். விலைக் கணக்குக்கான ஹூக் (கோர் பிளக்இன்னைக் கூப்பிடும் இடம்) எடையை வாங்கி ரூபாயைத் திருப்பித் தரும் என்று முடிவு செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கிழங்குக்கு அது போதும். பட்டறைக்குப் போனால் அங்கே ரூபாயே இல்லாத வரவு செலவு இருக்கிறது: கட்டி வெள்ளியைக் கொடுத்துவிட்டுக் கொலுசை வாங்கிப் போகிறார்கள். 70 டச் கொலுசு 1,000 கிராம் என்றால் சுத்த வெள்ளி 700 கிராம் என்று கணக்கு எழுதுகிறார்கள். திருப்பித் தர வேண்டியது ரூபாய் அல்ல, கிராம். ரூபாய் என்று எழுதி வெளியிட்டுவிட்ட ஹூக்கை இதற்கு வளைக்க முடியாது. வளைத்தால் ரூபாய்க்கான இடத்தில் கிராமை எழுதி வைக்கும் பிளக்இன்கள் முளைக்கும், மாத முடிவில் கூட்டுத்தொகை பொய் சொல்லும்.

குறைந்தது இரண்டு உண்மையான தேவைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஏபிஐ வரையுங்கள், மூன்று இருந்தால் இன்னும் நல்லது. கோருக்குள் ஏற்கெனவே இருக்கும் வெள்ளிக் கணக்கை முதலில் வெளியே எடுத்து, அதையே முதல் பிளக்இன்னாக மாற்றிப் பாருங்கள். நம் சொந்தக் கணக்கே அந்த வாசல் வழியாக வர முடியவில்லை என்றால் மற்றவர்களும் வர முடியாது. கோர் மட்டும் பின்வாசல் வைத்துக்கொள்வது, அதாவது நம் பிளக்இன்னுக்கு மட்டும் ரகசிய ஃபங்ஷன் கொடுப்பது, ஏபிஐயின் ஓட்டைகளை நம் கண்ணிலிருந்தே மறைத்துவிடும்.

முழுக் கோரையும் கையில் கொடுப்பது

இதுதான் மிகவும் சுலபமான தவறு, பின்னால் அதிக விலை கேட்பதும் இதுதான். பிளக்இன் என்னென்ன கேட்கும் என்று யோசிக்கச் சோம்பல்பட்டு, பில் ஆப்ஜெக்ட்டையோ டேட்டாபேஸ் கனெக்‌ஷனையோ அப்படியே ஆர்க்யுமென்ட்டாக (ஹூக்குக்குத் தரும் உள்ளீடாக) கொடுத்துவிடுகிறோம். விலை விசாரிக்க வந்தவரிடம் கல்லாச் சாவியைக் கொடுப்பது போன்றது இது. பிளக்இன் எழுதுகிறவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு அவசரமாக வாடிக்கையாளர் முகவரி வேண்டும், பில் ஆப்ஜெக்ட்டுக்குள் எங்கோ அது இருக்கிறது, எடுத்துக்கொள்கிறார். ஆறு மாதம் கழித்து அந்த உள் அமைப்பை நாம் மாற்றினால் அவருடைய பிளக்இன் உடைகிறது. அவர் பார்வையில் உடைத்தது நாம்தான். அதில் நியாயமும் இருக்கிறது.

ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்கு இதுதான் நடந்தது. அதன் பழைய ஆட்-ஆன்கள் (பிரவுசருக்கான பிளக்இன்கள்) பிரவுசரின் உள் பாகங்களை நேரடியாகத் தொடலாம் என்று இருந்தது. அந்தச் சுதந்திரத்தால் அருமையான ஆட்-ஆன்கள் வந்தன. ஆனால் பிரவுசரைப் பல பிராசஸாக (கம்ப்யூட்டரில் தனித்தனியே ஓடும் நிரல்களாக) பிரித்து வேகப்படுத்த முயன்றபோது, உள்ளே எதைத் தொட்டாலும் ஏதோ ஓர் ஆட்-ஆன் உடைந்தது. கடைசியில் 2017 நவம்பரில் வந்த 57ஆம் வெர்ஷனில் பழைய முறையையே நிறுத்திவிட்டு, வரையறுத்த ஏபிஐ கொண்ட வெப்எக்ஸ்டென்ஷன்ஸ் முறைக்கு முழுதாக மாறினார்கள். பலர் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய ஆட்-ஆன்கள் அத்தோடு நின்றன. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா அளவு பெரிய அமைப்பே அந்த வலியைத் தாங்கித்தான் கடக்க வேண்டியிருந்தது. இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து எழுதும் இடத்தில் அப்படி ஒரு மாற்றத்தை வாடிக்கையாளரிடம் விளக்கவே முடியாது.

செய்ய வேண்டியது: கணக்குக்குத் தேவையான எடை, சரக்கு வகை, தரம், தேதி இவற்றை மட்டும் ஒரு சிறிய ஆப்ஜெக்ட்டில் நகலெடுத்துக் கொடுங்கள். பிளக்இன் அதைத் திருத்தக் கூடாது, விடையை ரிட்டர்ன் செய்ய வேண்டும். அந்த விடையைச் சரிபார்த்துப் பில்லில் எழுதுவது கோரின் வேலை. எடையை மில்லிகிராமாகவும் தொகையைப் பைசாவாகவும் முழு எண்ணில் கொடுத்து வாங்குவது நல்லது. ஃப்ளோட்டில் (தோராயமாகச் சேமிக்கும் தசம எண் வகையில்) கடத்தினால் பைசா வித்தியாசம் எந்தப் பிளக்இன்னில் நுழைந்தது என்று தேடியே பொழுது போகும்.

ஆர்க்யுமென்ட் சேர்ப்பதற்கும் முன்கூட்டியே வழி வேண்டும். பைதான் மொழியில் பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவி பயன்படுத்தும் பிளகி லைப்ரரி இதை அழகாகச் செய்கிறது: ஹூக்கில் ஐந்து ஆர்க்யுமென்ட் வரையறுத்திருந்தாலும், பிளக்இன் தனக்கு வேண்டிய இரண்டை மட்டும் பெயர் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். நாளைக்கு ஆறாவதைச் சேர்த்தாலும் பழைய பிளக்இன் உடையாது. வரிசைப்படி எண்ணி எடுக்கும் ஆர்க்யுமென்ட்களில் இந்த வசதி கிடைக்காது.

வரிசையை அதிர்ஷ்டத்துக்கு விடுவது

ஒரே பில்லை இரண்டு பிளக்இன்கள் தொடும்போது எது முதலில் என்பது பணக் கேள்வி. 10,000 ரூபாய் வெள்ளிக் கொலுசுக்கு 100 ரூபாய் தள்ளுபடி, 3 சதவீதம் ஜிஎஸ்டி. தள்ளுபடி முதலில் ஓடினால் 10,197 ரூபாய். வரி முதலில் ஓடினால் 10,200. இந்த மூன்று ரூபாய் பில்லுக்குப் பில் சேர்ந்து ஆடிட்டர் மேசைக்கு வரும். ஃபோல்டரில் ஃபைல் பெயர் எந்த வரிசையில் கிடைக்கிறதோ அப்படியே ஓட விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டரில் ஒரு வரிசை, இன்னொன்றில் வேறு வரிசை என்று ஆகும்போது பிழை எங்கே என்று பிடிக்கவே முடியாது.

இணையதளம் அமைக்கும் வேர்ட்பிரஸ் சாஃப்ட்வேரின் ஹூக்குகளில் பிரயாரிட்டி (முன்னுரிமை) எண் உண்டு, எதுவும் சொல்லாவிட்டால் 10. சிறிய எண் முதலில் ஓடும். அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் எல்லோரும் தன்னுடையதே கடைசியில் ஓட வேண்டும் என்று 99, 999 என்று ஏற்றிக்கொண்டே போவதும் நடக்கிறது. பில் போன்ற வேலைக்கு எண்ணைவிடக் கட்டங்கள் நல்லது என்பது என் கருத்து: அடிப்படை விலை, கழிவு, வரி, ரவுண்டிங் என்று நான்கு கட்டம். பிளக்இன் எந்தக் கட்டத்துக்கு உரியது என்று அறிவிக்க வேண்டும். கட்டங்களின் வரிசை கோரின் கையில். அடிப்படை விலைக் கட்டத்தில் ஒரு சரக்குக்கு ஒரே பிளக்இன்தான் இருக்கலாம். இரண்டு பதிவானால் கடை திறக்கும்போதே, எந்த இரண்டு என்று பெயர் சொல்லி, சாஃப்ட்வேர் நிற்கட்டும்.

எல்லாப் பிழையையும் ஒரே மாதிரி விழுங்குவது

பிளக்இன் விழுந்தால் மெயின் சாஃப்ட்வேர் விழக் கூடாது என்று எல்லா எக்ஸெப்ஷனையும் (ஓடும்போது எழும் பிழையையும்) பிடித்து லாகில் (பதிவு ஃபைலில்) எழுதிவிட்டு மேலே போகிறார்கள். பில் போனதும் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பிளக்இன்னுக்கு அது சரி. விலைப் பிளக்இன்னுக்கு அது ஆபத்து. பாயிண்ட் கணக்குப் போடும் பிளக்இன் விழுந்து, கோர் பழைய விலையையோ பூஜ்ஜியத்தையோ வைத்துப் பில் அடித்துவிட்டால், கிழங்கு கொண்டுவந்த விவசாயிக்கு அந்த லோடின் காசு தவறாகப் போய்விடும். லாரி கிளம்பிய பிறகு லாகைப் பார்த்து என்ன பயன்? ஹூக்கை வரையும்போதே இது 'கட்டாயம்', இது 'இருந்தால் நல்லது' என்று பிரித்து வையுங்கள். கட்டாய ஹூக் தோற்றால் பில் நிற்க வேண்டும், எந்தப் பிளக்இன் என்பது தமிழில் திரையில் வர வேண்டும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆங்கிலப் பிழைச் செய்தி உதவாது.

நேரமும் ஒரு பிழைதான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வளைவுக்கு வளைவு சிக்னல் மாறும். விலையை இன்டர்நெட்டில் கேட்டு வரும் பிளக்இன், பில் அடிக்கும் பாதையிலேயே உட்கார்ந்து காத்திருந்தால், எடை போட மூட்டையோடு நிற்பவர்கள் எல்லோரும் சேர்ந்து காத்திருக்க வேண்டும். நெட்வொர்க் தொடும் எந்த வேலையையும் பில் பாதையிலிருந்து வெளியே எடுத்து வரிசையில் போடுங்கள், இணைப்பு கிடைக்கும்போது போகட்டும். விலை விவரத்தைக் காலையிலேயே இறக்கி, எந்த நேரத்து விலை என்ற குறிப்போடு வைத்துக்கொள்ளலாம்.

லோடு செய்வதும் நம்புவதும்

ஒரு ஃபோல்டரில் கிடக்கும் எல்லா ஃபைலையும் எடுத்து ஓட்டுவது வேண்டாம். பாதி எழுதிய ஃபைல், பழைய நகல், யாரோ பென் டிரைவில் கொண்டுவந்தது என எல்லாமே ஓடும். பைதானில் பேக்கேஜின் என்ட்ரி பாயின்ட்கள் (தன்னிடம் உள்ள பிளக்இன்களைப் பேக்கேஜ் அறிவிக்கும் குறிப்புகள்) வழியாகக் கண்டுபிடிக்கலாம். 3.8 வெர்ஷனிலிருந்து அதற்கான லைப்ரரி மொழியோடேயே வருகிறது. கண்டுபிடித்ததை எல்லாம் இயக்காமல், இந்தக் கடைக்கு எவை என்ற பட்டியல் செட்டிங்ஸில் இருக்கட்டும். எந்தப் பிளக்இன்னும் இல்லாமல் சாஃப்ட்வேரைத் திறக்கும் வழியும் வேண்டும். போனில் உதவி சொல்லும்போது முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

ஒரே பிராசஸில் ஓடும் பிளக்இன்னுக்கு நம் சாஃப்ட்வேருக்கு இருக்கும் எல்லா உரிமையும் உண்டு. ஃபைலைப் படிக்கலாம், அழிக்கலாம். முன்னே சொன்ன நகல் ஆப்ஜெக்ட் நல்லவர்களின் கை தவறுவதைத்தான் தடுக்கும், திருடரைத் தடுக்காது. தெரியாதவர்கள் எழுதியதை ஓட்ட வேண்டும் என்றால் தனிப் பிராசஸ்தான் வழி. விஎஸ் கோட் எடிட்டர் தன் எக்ஸ்டென்ஷன்களைத் தனிப் பிராசஸில் ஓட்டுகிறது, ஓர் எக்ஸ்டென்ஷன் தடுமாறினாலும் தட்டச்சு நிற்காமல் இருக்க அதுவும் ஒரு காரணம். ஆனால் தனிப் பிராசஸும் முழுப் பாதுகாப்பு ஆகாது. இயங்குதளத்தில் அதன் உரிமைகளையும் குறைக்க வேண்டும்.

பிளக்இன்னை எடுத்த பிறகு பழைய பில்

இதை முதல் வெர்ஷனில் யாரும் யோசிப்பதில்லை. பில்லில் எடையையும் பிளக்இன் பெயரையும் மட்டும் சேமித்து, தொகையைத் தேவைப்படும்போது மறுபடி கணக்கிடுவது சுத்தமான வடிவமைப்பாகத் தெரியும். அடுத்த ஆண்டு பிளக்இன்னில் சேதாரக் கணக்கு மாறும். அல்லது அந்தத் தொழிலையே விட்டுவிட்டுப் பிளக்இன்னை நீக்குவார்கள். அப்போது போன ஆண்டுப் பில்லைத் திறந்தால் வேறு தொகை வரும், அல்லது திறக்கவே திறக்காது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். இத்தனை காலம் எந்தப் பிளக்இன்னும் மாறாமல் இருக்காது.

ஆகவே பில் போட்ட கணத்தில் பிளக்இன் சொன்ன விடை, அதன் உட்பிரிவுகள், பிளக்இன் பெயர், அதன் வெர்ஷன் எல்லாவற்றையும் பில்லோடேயே எழுதிவிடுங்கள். பழைய பில்லைக் காட்டவும் மறுபடி அச்சடிக்கவும் பிளக்இன்னே தேவைப்படக் கூடாது. சோதிப்பதும் சுலபம்: பத்துப் பில் போடுங்கள், பிளக்இன்னை நீக்குங்கள், பத்தையும் மறுபடி அச்சடித்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வெளியிடுவதற்கு முன் ஓடும் தானியங்கிச் சோதனைகளில் இது ஒன்றாக இருக்க வேண்டும். பிளக்இன் எழுதுகிறவர்களுக்கும் இதே சோதனைத் தொகுப்பைக் கொடுங்கள். நீளமான ஆவணத்தைப் படிக்காதவரும் சோதனையை ஓட்டிப் பார்ப்பார்.

வெர்ஷன் பற்றி ஒன்று. ஏபிஐக்குத் தனி எண் வேண்டும். சாஃப்ட்வேர் 4.2 ஆக இருக்கலாம், ஏபிஐ இன்னும் 1 ஆகவே இருக்கலாம். பிளக்இன் தனக்கு எந்த ஏபிஐ வேண்டும் என்று அறிவிக்கட்டும், பொருந்தாவிட்டால் லோடு ஆகும்போதே மறுத்துவிடுங்கள். ஒரு ஹூக்கை நீக்குவதாக இருந்தால் குறைந்தது ஒரு வெர்ஷன் முழுக்க எச்சரிக்கையோடு அது வேலை செய்ய வேண்டும், அந்த எச்சரிக்கையில் மாற்று ஹூக்கின் பெயரும் இருக்க வேண்டும். பட்டறைகளில் தீபாவளி ஆர்டர் ஓடும் மாதங்களில் ஏபிஐ மாற்றத்தை வெளியிடாதீர்கள்.