ஆணுறை கிழிந்துவிட்டால் அடுத்து என்ன செய்வது

செமஸ்டர் லீவுக்குச் சுங்கை சிப்புட் வந்த இடத்தில் ஆணுறை கிழிந்துவிட்டதா? சரி, முதலில் மணியைப் பாருங்கள். லெவோநோர்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையை உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போடுகிறீர்களோ அவ்வளவு பலன், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுக்காதீர்கள். மலேசியாவில் இதற்கு மருந்துச்சீட்டு வேண்டாம், ஆனால் பார்மசிஸ்ட் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். பஜாரில் அம்மாவுக்குத் தெரிந்த ஆன்ட்டி யாராவது நிற்பாரே என்று பயமா, பஸ் ஏறி ஈப்போவில் வாங்கிக்கொள்ளுங்கள் (தோட்டத்தில் செய்தி எப்படிப் பரவும் என்று உங்களுக்கே தெரியும்).

கேம்பஸில் பலர் இதைக் கருக்கலைப்பு மாத்திரை என்றே நினைக்கிறார்கள். இல்லை. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் அதை ஒன்றும் செய்யாது. பிறகு பிள்ளையே பிறக்காது என்பதும் கட்டுக்கதை.

போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும். வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைப் பார்மசிஸ்ட்டிடம் முன்பே சொல்லிவிடுங்கள், சில மருந்துகள் இதன் பலனைக் குறைக்கும். 72 மணி தாண்டிவிட்டதா, உடனே டாக்டரைப் பாருங்கள், 5 நாள் வரை காப்பர்-டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) வைக்க வழியுண்டு. அப்புறம், மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.