காலைக் கவ்வும் ஷூ: மலையிறங்கும் சைக்கிளுக்கு வாங்கும்போது நடக்கும் தவறுகள்

பெடலில் மாட்டிக்கொள்ளும் என் முதல் க்ளிப்லெஸ் ஷூவை எடையைப் பார்த்துத்தான் வாங்கினேன். கார்பன் சோல், கையில் எடுத்தால் காகிதம் மாதிரி இருந்தது. நாகமலை அடிவாரத்தில் ஒரு பாறைச் சரிவில் சைக்கிளை விட்டு இறங்கி முதல் காலை வைத்தேன். சோப்பு நீர் ஊற்றிய தரையில் வைத்ததுபோல வழுக்கி, சைக்கிளோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஷூவில் ஒரு குறையும் இல்லை. மேடும் சமவெளியுமாகப் பந்தயம் ஓட்டுகிற கிராஸ் கன்ட்ரிக்காரர்களுக்காகச் செய்தது அது. பெடலில் இருக்கும் காலை மட்டும் நினைத்து வாங்கியது என் தவறு. மலையிலிருந்து இறங்க மட்டுமே ஓட்டும் டவுன்ஹில்லிலும், ஏறியும் இறங்கியும் ஓட்டும் எண்டூரோவிலும் ஒரு ஷூவின் குணம் தெரிவது, கால் பெடலை விட்டு வெளியே வரும் நேரத்தில்தான்.

க்ளிப்லெஸ் என்ற பெயரே குழப்பம். க்ளிப் இல்லை என்கிறது பெயர். காலோ பெடலில் மாட்டிக்கொள்கிறது. பழைய ரேஸ் சைக்கிள்களில் முன்பாதத்தை நுழைக்கும் கம்பிக் கூண்டுக்கு டோ க்ளிப் என்று பேர். அது இல்லாததால் வந்த பெயர் இது. லுக் நிறுவனம் 1984-ல் ரோடு சைக்கிளுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தது. மலை சைக்கிளுக்கு ஷிமானோவின் எஸ்.பி.டி. என்ற முறை 1990-ல் வந்தது. ஷூவின் அடியில் ஒரு பள்ளம், அதற்குள் இரண்டு போல்ட்டில் ஒரு சின்ன உலோகத் துண்டு; அதுதான் க்ளீட். மிதித்தால் டக்கென்று மாட்டும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். ரோடு ஷூவில் மூன்று துளை இருக்கும், அது மலை பெடலுக்குச் சேராது. தள்ளுபடியைப் பார்த்து அதை வாங்கிவிட்டு முழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இது இல்லாமல் மலையிறங்க முடியாதா? தாராளமாக முடியும். ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் 2017, 2018, 2019 என்று மூன்று வருடம் தொடர்ந்து எண்டூரோ உலகத் தொடரை, காலை மாட்டாத தட்டையான ஃப்ளாட் பெடலில்தான் வென்றார். குலுங்கும் கற்களில் கால் பெடலைவிட்டு எகிறாமல் இருக்கவும், சோர்ந்த நேரத்தில் சுலபமாக மிதிக்கவும் க்ளீட் உதவும். ஓட்டத் தெரியாததை அது மறைக்காது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் தார்ச்சாலையோடு இறங்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், இருக்கிற ஷூ போதும்.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டது. முதல் தவறு, வீடியோவில் பார்க்கும் இறக்கத்துக்காக வாங்குவது. வெளிநாட்டு பைக் பார்க்குகளில் சைக்கிளை லிஃப்டில் ஏற்றி மேலே அனுப்பிவிடுகிறார்கள். நமக்குத் தெரிந்த ரோப் கார் பழனியில் இருக்கிறது, அதில் சாமி பார்க்கத்தான் போகலாம். இங்கே மேலே போக வேண்டுமென்றால் தள்ளு, இல்லையென்றால் தூக்கு. எண்டூரோ பந்தயத்திலேயே இறக்கத்துக்குத்தான் கடிகாரம் ஓடும், ஏற்றத்தை நாமேதான் கடந்து போக வேண்டும். அரை மணி நேரம் கல்லிலும் சரளையிலும் நடக்கப் போகிற காலுக்குக் கார்பன் பலகையைக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? சோல் நடுத்தரமாக வளைய வேண்டும். ஷூவின் முன்பாகம் கையால் அழுத்தினால் கொஞ்சம் மடங்க வேண்டும், நடுப்பாகம் மடங்கக் கூடாது. விரல்நுனிக்குக் கீழேயும் குதிகாலிலும் ரப்பர் பல் ஆழமாக இருக்கட்டும். க்ளீட் அந்த ரப்பரைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாறையில் ஒவ்வொரு அடிக்கும் கிரீச்சென்று சத்தம் வரும், பிடிமானம் இருக்காது.

அடுத்ததுதான் பலரும் கவனிக்காதது: க்ளீட் எவ்வளவு பின்னால் போகும் என்பது. ஒரு தம்பி போனில் படம் அனுப்பி, “அண்ணே, கலர் நல்லாருக்கு, வாங்கிரவா?” என்று கேட்டான். “அடியைத் திருப்பிப் படம் எடுத்து அனுப்புடா” என்றேன். க்ளீட் நகரும் நீளத் துளை அதில் விரல்பக்கமாகவே முடிந்துவிட்டது. கிராஸ் கன்ட்ரி ஷூவில் பெருவிரலுக்குக் கீழே புடைத்து நிற்கும் எலும்புக்கு நேராக க்ளீட் வரும். மிதிக்க அது நல்லது. இறங்கும்போது நாம் மிதிப்பதில்லை, நிற்கிறோம். இரண்டு பெடலும் சமமாக, குதிகாலைக் கீழே இறக்கி, உடம்பின் பாரம் முழுதும் பாதத்தில். க்ளீட் முன்னால் இருந்தால் ஒவ்வொரு குலுக்கலையும் கெண்டைக்கால் தாங்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் பாதி வழியிலேயே கெண்டைக்கால் இறுகிவிடும். பிரேக் சூடு ஆறுவதற்காக அல்ல, காலை ஆற்றுவதற்காகவே நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். க்ளீட்டை ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் பின்னே தள்ளினால் பாரம் பாதத்தின் நடுவுக்கு வந்து குதிகால் நிலையாக இறங்கும். டவுன்ஹில் ஷூக்களில் துளை நீளமாக, பின்னே தள்ளி இருப்பது இதற்காகத்தான். ரொம்பவும் தள்ளிவிடவும் கூடாது. வேகமாக மிதிக்க மந்தமாக இருக்கும், முன்விரல் கல்லில் இடிக்கும்.

பெடலை மறந்துவிட்டு ஷூவை மட்டும் தேர்ந்தெடுப்பது அதற்கடுத்த தவறு. மலையிறக்கத்துப் பெடலில் கவ்வும் பகுதியைச் சுற்றி ஒரு பெரிய சட்டம் இருக்கும், சிலவற்றில் கூரான பின்களும் உண்டு. ஷூவின் ரப்பர் அந்தச் சட்டத்தில் லேசாக உட்கார வேண்டும். உட்காரவே இல்லையென்றால் கால் அந்தச் சின்னத் துண்டின் மேல் ஆடும். அதிகம் அழுத்தினால் மாட்டவும் கஷ்டம், கழற்றவும் கஷ்டம். அதிலும் ஒட்டும் ரப்பரும் நீண்ட பின்னும் சேர்ந்தால் குதிகாலைத் திருப்பவே முடியாது. நான் செய்வது இதுதான்: மாட்டிவிட்டு, ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தாள் துண்டைச் செருகி இழுப்பேன். லேசாகத் தடுத்து வந்தால் சரி. கிழிந்தால் க்ளீட்டுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று வைக்க வேண்டும், அல்லது பின்னைக் குறைக்க வேண்டும்.

அளவு விஷயத்தில் நம்மூர்க்காரர்களுக்குத் தனிப் பிரச்சினை. பெரும்பாலும் இணையத்தில்தான் வாங்குகிறோம், போட்டுப் பார்க்க வழி குறைவு. ஆபீஸ் ஷூவின் நம்பரை அப்படியே போட்டுவிடாதீர்கள். சாயங்காலம், நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், சுவரோரம் தாளில் நின்று சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். ஷிமானோவில் 42 என்றால் 26.5 செ.மீ. மற்ற நிறுவனங்களின் 42 அதே நீளம் என்று நம்ப வேண்டாம். செருப்பிலேயே வளர்ந்த கால் முன்பக்கம் அகன்றிருந்தால், அகலத்துக்காக ஒரு நம்பர் கூட்டி வாங்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். குதிகால் தளர்ந்துவிடும், கழற்றுவதற்குத் திருப்பும்போது ஷூ பெடலிலேயே நிற்க, குதிகால் மட்டும் உள்ளே சுற்றும். அகல மாடல் தேடுங்கள்.

விரல்முனையில் கெட்டிப் பாதுகாப்பு, கணுக்காலின் உள்பக்கம் கொஞ்சம் உயர்ந்த விளிம்பு, இரண்டும் வேண்டும். சித்திரை வெயிலுக்கு வலைத்துணி ஷூ ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் சீமைக் கருவேல முள் வலையைக் கேட்டு நுழையாது. திருகிப் பூட்டும் பட்டன் ஷூ நல்லதுதான், பட்டன் பாறையில் இடிக்கும் இடத்தில் இல்லாமல் பாருங்கள். லேஸ் என்றால் மிச்ச நுனியைச் செருக ஒரு வார் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செயினில் சிக்கும்.

க்ளீட்டிலும் ஜாதி உண்டு. எஸ்.பி.டி.யில் கறுப்பு எஸ்.எச்.51 பக்கவாட்டுத் திருப்பலில் மட்டும் கழலும். வெள்ளி நிற எஸ்.எச்.56 மேல்நோக்கி இழுத்துத் திருப்பினாலும் கழலும். புதியவர்களுக்கு 56 தைரியம் தரும். கரடுமுரடான இறக்கத்தில் எதிர்பாராமல் கழன்றுவிடுவதால் பழகியபின் 51-க்கு மாறிவிடுவது நல்லது. போல்ட்டை 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும், திரெட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். முதல் சவாரிக்குப் பின் மறுபடி இறுக்க மறக்காதீர்கள். ஒரு போல்ட் விழுந்துவிட்டால் காலைத் திருப்பும்போது க்ளீட்டும் சேர்ந்து சுற்றும், கால் வெளியே வரவே வராது. ஒருமுறை ஷூவைப் பெடலிலேயே விட்டுவிட்டு, காலுறையோடு இறங்கி நின்றேன்.

முதல் நாளே மலைக்குப் போகாதீர்கள். பெடலின் இறுக்கத்தை 3 மி.மீ. ஆலன் கீயால் கடைசிவரை தளர்த்திவிட்டு, ஏதாவது மண் மைதானத்தில் நூறு தடவை மாட்டிக் கழற்றுங்கள், இரண்டு காலிலும். மெதுவாகப் போய் நிற்கும்போதுதான் எல்லோரும் விழுகிறோம், அதுவும் டீக்கடை முன்னால்தான். அப்புறம் மலைக்குப் போகும்போது 4 மி.மீ. கீ பையில் இருக்கட்டும், க்ளீட் போல்ட்டுக்கு அதுதான் பொருந்தும்.