ஈசிஜி ரிதம் படிக்கப் பழகுவது: பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்

வார்டு போஸ்டிங் தொடங்கியதும் ஈசிஜி ஸ்ட்ரிப்பை (இதய ரிதம் பதிவான பேப்பர்த் துண்டு) கையில் வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஏஎஃப் சார்" (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) என்று சொல்லிவிடுவது எல்லா பேட்சிலும் நடக்கிறது. சரியாகக்கூட இருக்கும். "எதை வச்சு சொல்றே?" என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் வாய் அடைத்துப்போகும். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் படிக்கும் தம்பி தங்கைகள், வெளியூரில் படித்து லீவுக்கு நாகர்கோவில் வருகிறவர்கள், எல்லோருக்கும் ஒன்றைத்தான் சொல்வேன்: பி அலை (மேலறைகளின் சின்ன மின் அலை) எங்கே இருக்கிறது, அது கியூஆர்எஸ்ஸோடு (கீழறைகளின் கூர்மையான அலை) சேர்ந்து போகிறதா தன் பாட்டுக்குப் போகிறதா என்று முதலில் தேடுங்கள். பெயர் தானாக வரும்.

கணக்கு கொஞ்சம்தான். பேப்பர் வினாடிக்கு 25 மிமீ ஓடுகிறதா என்று ஓரத்தில் அச்சாகியிருப்பதைப் பாருங்கள். அப்படியென்றால் சின்னக் கட்டம் 0.04 வினாடி, பெரிய கட்டம் 0.2. இரண்டு ஆர் அலைகளுக்கு (கியூஆர்எஸ்ஸின் உயர்ந்த முனை) நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, அந்த எண்ணால் 300-ஐ வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற வேகம். ரிதம் ஒழுங்கில்லை என்றால் இந்த வகுத்தல் ஏமாற்றும். 30 பெரிய கட்டத்துக்குள், அதாவது 6 வினாடிக்குள், எத்தனை கியூஆர்எஸ் என்று எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். மூன்று சேனல் மிஷினில் ஒவ்வொரு லீடும் (இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பார்க்கும் பதிவு) துண்டு துண்டாகத்தான் வரும், அதை வைத்து ரிதம் சொல்ல முடியாது. நீளமாக ஒரு லீட் டூ ஓட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், தருவார்கள்.

இனிதான் உண்மையான வேலை. காலிப்பர் வாங்கத் தேவையில்லை, ஒரு வெள்ளைத் தாளின் நேரான ஓரம் போதும். தாளை ஸ்ட்ரிப்பின் மேல் வைத்து, அடுத்தடுத்து தெரியும் இரண்டு பி-க்கு நேரே பென்சிலால் கோடு போடுங்கள். அப்புறம் தாளை வலப்பக்கம் நகர்த்தி முதல் கோட்டை இரண்டாவது பி மேல் வைத்தால், அடுத்த பி எங்கே இருக்க வேண்டும் என்று இரண்டாவது கோடு காட்டும். அந்த இடத்தில் பி இல்லாமல் ஒரு டி அலை (கியூஆர்எஸ்ஸுக்குப் பின் வரும் மேடு) மட்டும் இருக்கிறதா? அந்த டி-யை மற்ற டி-களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கொஞ்சம் கூர்மையாகவோ தோளில் ஒரு மேடாகவோ இருந்தால் பி அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. இப்படி நகர்த்திக்கொண்டே போகும்போது பி நாலு பெரிய கட்டத்துக்கு ஒன்று, கியூஆர்எஸ் ஒன்பது பெரிய கட்டத்துக்கு ஒன்று, இரண்டும் தனித்தனியே ஒழுங்கு, பிஆர் (பி தொடங்கியதிலிருந்து கியூஆர்எஸ் வரையுள்ள இடைவெளி) மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு என்று வந்தால் அது கம்ப்ளீட் ஹார்ட் பிளாக், மேலறையின் தூண்டல் கீழறைக்குப் போகவே இல்லை. பிஆர் படிப்படியாக நீண்டு ஒரு கியூஆர்எஸ் வராமல் விட்டுப்போனால் வென்கெபாக், அதைக் கண்டறிந்த டாக்டரின் பெயர். அவர் இதை 1899-லேயே, ஈசிஜி வார்டுகளுக்கு வருவதற்கு முன்பே, நாடிப் பதிவை வைத்துக் கண்டுபிடித்தவர். அதனால் ஸ்ட்ரிப்பைப் பார்க்கும்போது நோயாளியின் மணிக்கட்டிலும் ஒரு கை இருக்கட்டும்.

ஏஎஃப் சொல்ல இரண்டு விஷயம் சேர்ந்து வேண்டும்: பி இல்லை, ஆர்-ஆர் இடைவெளியில் எந்த ஒழுங்கும் இல்லை. மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதய வால்வு சுருக்கம், ஏஎஃப் அடிக்கடி கூட வரும்) கேஸ் கிடைத்தால் விடாதீர்கள், ஏபெக்ஸிலும் (இதய நுனி துடிக்கும் இடம்) நாடியிலும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் எண்ணுங்கள். வேகம் அசையாமல் 150-லேயே நின்றால் ஃபிளட்டராக (மேலறைகள் ஒழுங்காக, ஆனால் மிக வேகமாகத் துடிப்பது) இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள், ஸ்ட்ரிப்பைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் சில நேரம் ஃபிளட்டர் அலை பளிச்சென்று தெரியும். கியூஆர்எஸ் மூன்று சின்னக் கட்டத்துக்கு மேல் அகலமாக, வேகமாகவும் ஓடினால் ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். வேறு என்று நிரூபிக்கும்வரை அது விடி (வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியா, கீழறையிலிருந்து கிளம்பும் ஆபத்தான வேகத் துடிப்பு). டியூட்டி பிஜியை (பணியிலிருக்கும் முதுநிலை மாணவ டாக்டர்) கூப்பிடுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் படிக்கிறவர்கள் தவறவிடக் கூடாத பாடம் அரளி விஷம். வேலியோரத்தில் நிற்கும் மஞ்சள் அரளியின் நஞ்சு டிகாக்சின் என்ற இதய மருந்து போலவே சோடியம்-பொட்டாசியம் பம்பை அடைக்கும். முதல் ஈசிஜி நார்மல் என்பதை நம்பி யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. நீண்ட பிஆராகத் தொடங்கியது சில மணி நேரத்தில் 2:1 பிளாக்காகவோ (இரண்டு பி-க்கு ஒரு கியூஆர்எஸ்) சைனஸ் அரெஸ்டாகவோ (பி-யே வராமல் நிற்பது) மாறலாம். கேஸ் ஷீட்டில் உள்ள எல்லா ஈசிஜியையும் நேர வரிசைப்படி பெட்டின் மேல் விரித்து, ஒவ்வொன்றிலும் பிஆரை அளந்து எழுதுங்கள், பக்கத்தில் பொட்டாசியம் அளவையும் எழுதுங்கள். புத்தகத்தில் தனித்தனிப் படமாகக் கிடப்பவை எல்லாம் ஒரே ஆளிடம் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் காண இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

குழப்பும் ஸ்ட்ரிப் வந்தால் வெப்ராளப்பட வேண்டாம், முதலில் ஆளைப் பாருங்கள். கை நடுங்கும் தாத்தா ஒருவர் நிம்மதியாகக் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருக்க, பேப்பரில் மட்டும் அந்த நடுக்கம் ஃபிளட்டர் போல ஓடும். லீட் ஒன் முழுக்கத் தலைகீழாக, ஏவிஆர் (வலக்கைப் பக்கத்திலிருந்து பார்க்கும் லீட்) நேராக வந்தால் கை லீட் மாறியிருக்கும் வாய்ப்பு அதிகம், திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

நல்ல ஸ்ட்ரிப் கிடைத்தால், கேட்டு அனுமதி வாங்கி, பெயரும் ஐபி நம்பரும் (உள்நோயாளி எண்) தெரியாமல் மறைத்து ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். தெர்மல் பேப்பர் வெளுத்துப்போகும், பையில் மடித்து வைத்தால் அடுத்த பரீட்சைக்குள் வெறும் கட்டம்தான் மிஞ்சும்.